பூமி அசையுமா, அசையாதா? முரண்படுவதுபோல் தெரியும் வேத வசனங்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

வேதபாட வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தம்பி போனை நீட்டினான். யாரோ இரண்டு வசனங்களை மேலும் கீழுமாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். மேலே சங்கீதம் 104:5: "பூமி ஒருபோதும் நிலைபேராதபடி அதின் ஆதாரங்கள்மேல் அதை ஸ்தாபித்தார்." கீழே ஏசாயா 24:20: "வெறித்தவனைப்போல தேசம் தள்ளாடி, ஒரு குடிலைப்போலப் பெயர்த்துப்போடப்படும்." வெறித்தவன் என்றால் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறவன். "அண்ணே, இதுல எது சரி?" என்றான்.

"அது வேற சந்தர்ப்பம், இது வேற சந்தர்ப்பம் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என்ன சந்தர்ப்பம் என்று திருப்பிக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அதன்பிறகு இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நான் போன வழியை, தடுமாறிய இடங்களையும் சேர்த்து, கீழே எழுதியிருக்கிறேன்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு பரிசுத்த வேதாகமம் (நான் பயன்படுத்துவது 1871-ல் வந்த பழைய மொழிபெயர்ப்பின் வழிவந்தது, சபையில் வாசிப்பதும் அதுதான்), ஒரு நோட்டு, ஸ்ட்ராங் எண்கள் (மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கிற எண்) காட்டுகிற இலவச செயலி ஏதாவது ஒன்று. பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயு தெரியவேண்டியதில்லை. எண்ணைத் தட்டினால் அந்தச் சொல் வருகிற எல்லா வசனத்தையும் காட்டிவிடும், அது போதும்.

படி 1: இரண்டு வசனத்தோடு நிறுத்தாதீர்கள்

இரண்டே வசனங்களை எதிரெதிரே நிறுத்தினால் சண்டைதான் தெரியும். நோட்டில் நடுவே கோடு போட்டு, கிடைக்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இடது பக்கம், பூமி நிலைக்கும் என்பவை: சங்கீதம் 78:69, 93:1, 96:10, 104:5, பிரசங்கி 1:4. வலது பக்கம், பூமி ஆடும் அல்லது ஒழியும் என்பவை: யோபு 9:6, சங்கீதம் 46:2, 102:26, ஏசாயா 13:13, 24:18-20, 51:6, ஆகாய் 2:6, மத்தேயு 24:35, 2 பேதுரு 3:10, வெளிப்படுத்தல் 21:1.

எழுதிக்கொண்டே போனபோது எந்தப் பக்கத்திலும் அடங்காத சில வசனங்கள் வந்தன. 1 நாளாகமம் 16:30: "பூலோகத்தாரே, நீங்கள் யாவரும் அவருக்கு முன்பாக நடுங்குங்கள், அவர் பூச்சக்கரத்தை அசையாதபடிக்கு உறுதிப்படுத்துகிறவர்." எபிரெயுவில் முதல் பாதி "பூமி முழுவதுமே, நடுங்கு" என்றுதான் இருக்கிறது. ஒரே வசனத்தில் நடுக்கமும் அசையாமையும். சங்கீதம் 75:3 இன்னும் பச்சையாகச் சொல்கிறது: "பூமியானது அதின் எல்லாக் குடிகளோடும் கரைந்துபோகிறது, அதின் தூண்களை நான் நிலைநிறுத்துகிறேன்." அப்புறம், தம்பி காட்டிய அதே 104-ஆம் சங்கீதத்தில் 32-ஆம் வசனம் வரைக்கும் போங்கள்: "அவர் பூமியை நோக்கிப்பார்க்க, அது அதிரும்."

ஆக, 5-ஆம் வசனத்தை எழுதிய கைதான் 32-ஆம் வசனத்தையும் எழுதியது. "முரண்பாடு" என்று நாம் கண்டுபிடித்துக் கொண்டாடுவது அந்தப் பாட்டுக்காரருக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்தேதான் இரண்டையும் வைத்திருக்கிறார். ஆகவே, எது சரி என்ற கேள்வியை விட்டுவிட்டு, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிற ஒருவர் எதைச் சொல்ல வருகிறார் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

படி 2: "அசையாது" என்கிற சொல்லைத் தோண்டுங்கள்

இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குங்கள். எனக்கு முடிச்சு அவிழ ஆரம்பித்தது இங்கேதான்.

சங்கீதம் 104:5-இல் "நிலைபேராதபடி" என்று வருகிற இடத்தில் எபிரெயுவில் இருப்பது "மோட்" என்ற வினை. ஸ்ட்ராங் எண் 4131. சங்கீதம் 93:1, 96:10, 1 நாளாகமம் 16:30 எல்லாவற்றிலும் அதே வினைதான். ஏசாயா 24:19-இல் "தேசம் அசையவே அசையும்" என்று வருகிறதே, அங்கேயும் அதுவேதான். அதனால் "மூலமொழியில் இரண்டும் வேறு வேறு சொல், அதனால் முரண்பாடு இல்லை" என்று யாராவது சுலபமாகச் சொன்னால் நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போய் ஏமாந்தேன்.

சரி, அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது? ஏசாயா 41:7-இல் ஒரு பட்டறைக் காட்சி. தச்சன் தட்டானை உற்சாகப்படுத்துகிறான், ஒருவன் பற்றவைத்தது சரியாக இருக்கிறது என்கிறான், கடைசியில் விக்கிரகம் "அசையாதபடிக்கு" ஆணி அடித்து இறுக்குகிறார்கள். அந்த "அசையாதபடிக்கு" இந்த மோட்தான். லேவியராகமம் 25:35-இல் சகோதரன் "கையிளைத்துப்போனவனானால்" என்று வருவதும் இதே வினை: வறுமையில் கை தளர்ந்து ஆடுவது. சங்கீதம் 94:18-இல் கால் சறுக்குவதும் இதுதான். சங்கீதம் 16:8-இல் தாவீது "நான் அசைக்கப்படுவதில்லை" என்கிறார். ஓரிடத்தில் உட்காராமல் வாழ்நாளில் பாதியை ஓடியே கழித்த மனிதர் அவர்!

ஆணி இறுக்கிய பொம்மை, தளர்ந்த கை, சறுக்குகிற கால். தமிழில் இதற்குப் பக்கத்தில் வருகிற பேச்சு "ஆட்டம் கண்டுவிட்டது" என்பது. நாற்காலிக்கும் சொல்வோம், ஆட்சிக்கும் சொல்வோம். இடம்விட்டு இடம் நகர்வதைப் பற்றிய சொல் இல்லை இது. பிடிமானம் விட்டுப்போவதைப் பற்றியது.

இதைக் கவனிக்காததால் வந்த வினையை வரலாறு பார்த்திருக்கிறது. கோப்பர்நிக்கஸின் நூல் 1543-இல் வந்தது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு எதிராக எடுத்து வீசப்பட்ட வசனங்களில் 93:1-உம் 104:5-உம் முக்கியமானவை. 1616-இல் ரோமாபுரியில் அந்தக் கருத்துக்குத் தடை, 1633-இல் கலிலியோமேல் விசாரணை. தாவீது "நான் அசைக்கப்படுவதில்லை" என்றதால் அவர் நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பூமிக்கு மட்டும் அந்தச் சலுகையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

இன்னொரு நோட்டம்: நிஜமான நிலநடுக்கத்தைக் குறிக்க ஆமோஸ் 1:1-இல் வருவது "ரஅஷ்" என்ற வேறு சொல். ஆகாய் 2:6-உம் ஏசாயா 13:13-இல் பூமி தன் இடத்தைவிட்டு நீங்குவதும் அந்தக் குடும்பத்துச் சொற்களால் சொல்லப்படுபவை. இதையும் நோட்டில் குறித்துவையுங்கள். ஆனால் இதன்மேல் மாடி கட்டாதீர்கள். ஏசாயா 24 இரண்டு வகைச் சொல்லையும் 18, 19 என்று அடுத்தடுத்த வசனங்களில் வைத்து, இடையிலுள்ள சுவரை உடைத்துவிடுகிறது.

படி 3: பூமியா, தேசமா?

எபிரெயுவில் "எரெட்ஸ்" (எண் 776) என்ற ஒரே சொல் நாட்டையும் குறிக்கும், நிலத்தையும் குறிக்கும், முழு உலகத்தையும் குறிக்கும். நம் ஊர்ப் பேச்சில் "மண்" என்பதுபோல. "எங்க மண்ணு" என்றால் ஊர், "மண்ணில் பிறந்தவர் எல்லாரும்" என்றால் உலகம்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஏசாயா 24:19-20-இல் "தேசம்" என்று போட்டிருப்பதைக் கவனித்தீர்களா? பல ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அங்கே பூமி என்ற பொருளில்தான் இருக்கும். தமிழில் மட்டும் படிக்கிறவருக்குப் பாதி முரண்பாடு கண்ணில் படுவதே இல்லை.

அப்படியானால் "தள்ளாடுவது ஒரு நாடு, நிலைப்பது பூமி, கதை முடிந்தது" என்று சொல்லிவிடலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அதிகாரம் 4-ஆம் வசனத்தில் தேசம் வாடும் என்று சொன்ன கையோடு "பூமி" உலர்ந்துபோம் என்கிறது. அங்கே உள்ள சொல் "தேபேல்" (8398), மனிதர் குடியிருக்கும் உலகம். 93:1-இல் அசையாது என்று சொல்லப்படுகிறதே, அதே சொல். 18-ஆம் வசனம் "பூமியின் அஸ்திபாரங்கள் குலுங்கும்" என்கிறது. 21-இல் பூமியின் ராஜாக்கள் எல்லாரும் வருகிறார்கள். ஒரு நாட்டின் எல்லைக்குள் இதை அடக்க முடியாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு வழியைத் தேர்ந்தார்கள், தவறென்று சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை மட்டும் வைத்து வாதத்தை முடிப்பதுதான் குறுக்குவழி.

படி 4: வசனத்தை அதன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்

அதாவது, அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள். மூன்றை மட்டும் செய்து காட்டுகிறேன்.

சங்கீதம் 104: 5-ஆம் வசனத்தில் பூமி ஸ்தாபிக்கப்படுகிறது. அடுத்து உடனே 6 முதல் 9 வரை என்ன? தண்ணீர். ஆழம் பூமியை வஸ்திரம்போல மூடியிருந்தது, அதட்டலுக்கு ஓடிற்று, திரும்பி வந்து பூமியை மூடாதபடி எல்லை போடப்பட்டது. ஆகவே "ஒருபோதும் நிலைபேராது" என்கிற உறுதி வெள்ளத்துக்கு எதிரான உறுதி. அதற்குப் பின்னால் நீரூற்று, கழுதைகள், நாரை, திராட்சரசம், மனுஷன் சாயங்காலமட்டும் வேலைக்குப் போவது என்று பாட்டு ஓடுகிறது. இவ்வளவும் நடக்க அடியில் தரை வேண்டும் அல்லவா, அந்தத் தரையைத்தான் முதலில் போடுகிறார் கவிஞர்.

பிரசங்கி 1:4: "ஒரு சந்ததி போகிறது, மறு சந்ததி வருகிறது, பூமியோ என்றைக்கும் நிலைத்திருக்கிறது." அந்த "பூமியோ"வில் இருக்கிற ஓகாரத்தைப் பாருங்கள். ஒப்பீடு! தாத்தா போய்விட்டார், அப்பா போய்விட்டார், வரப்பு அங்கேயேதான் கிடக்கிறது என்கிற பெருமூச்சு இது. பூமியின் எதிர்காலம் பற்றி இந்த வசனத்திடம் சாட்சி கேட்டால் அது திருதிருவென்று முழிக்கும். அதற்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

ஏசாயா 24: இங்கே இரண்டு விஷயம். 18-ஆம் வசனம் "உயர இருக்கும் மதகுகள் திறவுண்டு" என்கிறது. ஆதியாகமம் 7:11-இல் நோவா காலத்தில் "வானத்தின் மதகுகளும் திறவுண்டன." தமிழில் மதகு என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் வைத்திருக்கிறார்கள், ஏரிக்கரைக்காரர்களுக்கு மதகு திறந்தால் என்ன ஆகும் என்று தெரியும். 104-ஆம் சங்கீதம் எந்த வெள்ளத்துக்கு எல்லை போட்டதோ, அந்த எல்லை எடுக்கப்படுகிற காட்சி இது. அடுத்து 20-ஆம் வசனத்துக் குடில். அதற்கான எபிரெயுச் சொல் பழைய ஏற்பாட்டில் இரண்டே முறைதான் வருகிறது, இன்னொன்று ஏசாயா 1:8-இல், "வெள்ளரித்தோட்டத்திலுள்ள ஒரு குச்சில்." காவலுக்குப் போடுகிற கொட்டகை. நாலு கம்பு, மேலே தழை. அறுவடை முடிந்தால் அதைப் பார்க்க ஆள் இல்லை, ஒரு காற்றுக்கு ஆடிப்போகும். அஸ்திபாரம் போட்ட மாளிகையாக 104 காட்டிய பூமியை ஏசாயா தோட்டத்துக் கொட்டகை ஆக்குகிறார். ஏன் என்று அதே வசனம் சொல்கிறது: "அதின் பாதகம் அதின்மேல் பாரமாயிருக்கையால்."

"அது விழுந்துபோம், இனி எழுந்திராது" என்று அந்த வசனம் முடிகிறது. சரியாக மூன்று வசனம் தாண்டினால், கர்த்தர் சீயோன் மலையிலும் எருசலேமிலும் ஆளுகை செய்கிறார். 25-ஆம் அதிகாரத்தில் அந்த மலையிலேயே எல்லா ஜனங்களுக்கும் விருந்து. பூமி இல்லாமல் போயிருந்தால் பந்தி எங்கே போட்டார்கள்?

படி 5: நாமே எப்படிப் பேசுகிறோம் என்று யோசியுங்கள்

"வானமே இடிந்து விழுந்தாலும் முகூர்த்தம் தள்ளாது." "அவன் போன அன்னைக்கு உலகமே இருண்டுபோச்சு." இவற்றைக் கேட்டு யாரும் வானிலை ஆய்வு மையத்துக்குப் போன் போடுவதில்லை.

ஏசாயா 13-ஐ எடுங்கள். முதல் வசனமே இது பாபிலோன்மேல் வரக்கண்ட பாரம், அதாவது தீர்ப்புச் செய்தி, என்கிறது. 17-இல் மேதியர் வருகிறார்கள். இடையில் 13-இல் வானம் அதிர்கிறது, "பூமி தன் இடத்தைவிட்டு நீங்கும்." கி.மு. 539-இல் பெர்சிய அரசன் கோரேஸின் கையில் பாபிலோன் விழுந்தது. பூமி இருந்த இடத்தில்தான் இருந்தது. பாபிலோனியருக்கு அவர்கள் உலகம் போய்விட்டது. 12-ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்த அதிகாரத்தை இப்படித்தான் வாசித்தார். சங்கீதம் 104:5-ஐயும் பிரசங்கி 1:4-ஐயும் ஆதாரமாக வைத்து, உலகம் நிலைக்கும் என்றும், இடம்பெயர்கிற பூமி, மங்குகிற சூரியன் எல்லாம் அரசுகள் வீழ்வதற்கான பேச்சு வழக்கு என்றும் எழுதினார்.

சங்கீதம் 18 இன்னொரு உதாரணம். தலைப்பு, சவுலின் கைக்கும் மற்ற சத்துருக்களின் கைக்கும் தப்பிய நாளில் தாவீது பாடியது என்கிறது. பாட்டில் பூமி அதிர்கிறது, பர்வதங்களின் அஸ்திபாரங்கள் குலுங்குகின்றன. 1 சாமுவேலைப் புரட்டினால் தாவீது குகைகளில் ஒளிந்தது, பெலிஸ்தரிடம் அடைக்கலம் புகுந்தது எல்லாம் இருக்கிறது. அவரைக் காப்பாற்ற மலைகள் குலுங்கிய கதை இல்லை.

ஆனால் இதையெல்லாம் வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்த நாடு நிஜமாகவே ஆடுகிற நாடு. யோர்தான் பள்ளத்தாக்கும் சவக்கடலும் பூமித் தட்டுகள் உரசுகிற பிளவின்மேல் கிடக்கின்றன. உசியா ராஜாவின் காலத்து நிலநடுக்கத்தை ஆமோஸ் தன் ஊழியத்துக்குத் தேதி குறிக்கப் பயன்படுத்துகிறார். சகரியா 14:5 அந்த ஓட்டத்தை மறக்காமல் நினைவூட்டுகிறது. வட இஸ்ரேலின் பழைய நகரமான ஆத்சோரில் அகழ்வாய்வு செய்தபோது கி.மு. 8-ஆம் நூற்றாண்டு அடுக்கில் சாய்ந்த சுவர்கள் கிடைத்தன. 2021-இல் எருசலேமிலும் அதே காலத்து இடிபாட்டைக் கண்டதாக இஸ்ரேல் தொல்லியல் துறை அறிவித்தது. கி.மு. 31-இல் ஒரு பெரிய அதிர்வு, 1837-இல் கலிலேயாவில், 1927 ஜூலையில் எரிகோவுக்குப் பக்கத்தில். இப்படிப்பட்ட ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள், பூமி அசையாது என்று. அதிர்ச்சி தெரியாமல் பாடியிருக்க வழியில்லை.

இங்கே ஒரு வார்த்தை நம் பிரசங்கிமாருக்கு. யோபு 26:7-இல் "பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார்" என்று வந்ததும், பார்த்தீர்களா விஞ்ஞானம் என்று மேடையில் தட்டுகிறோம். அதே யோபு 9:6-இல் பூமிக்குத் தூண்கள் இருக்கின்றன. ஒன்றை விஞ்ஞானம் என்று எடுத்துக்கொண்டால் மற்றதையும் எடுக்க வேண்டிவரும். இரண்டையும் கவிதையாக விட்டுவிடுவது வேதத்துக்கும் மரியாதை, நமக்கும் நிம்மதி.

படி 6: "என்றைக்கும்" எவ்வளவு நீளம்?

"ஓலாம்" (5769) என்ற சொல்லைத்தான் என்றைக்கும், என்றென்றைக்கும் என்று மொழிபெயர்க்கிறார்கள். யாத்திராகமம் 21:6-இல் காது குத்தப்பட்ட அடிமை எஜமானிடத்தில் "என்றைக்கும்" சேவிப்பான். அவன் ஆயுசு உள்ளவரை. யோனா 2:6-இல் பூமியின் தாழ்ப்பாள்கள் அவரை "என்றென்றைக்கும்" அடைத்தன, மூன்று நாள். சங்கீதம் 78:69 பரிசுத்த ஸ்தலத்தை, என்றைக்கும் நிற்கிற பூமிக்கு ஒப்பிட்டுப் பாடுகிறது. எருசலேம் ஆலயத்தை கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எரித்தார்கள்.

கண்ணுக்கு முடிவு தெரியாத நீளம் என்பதுதான் அந்தச் சொல். நம் கோயில் கல்வெட்டுகளில் ஆடும் நிலமும் தானம் கொடுத்துவிட்டு "சந்திராதித்தவல்" என்று வெட்டிவைப்பார்களே, சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று, அந்தத் தொனி. தேவனைப் பற்றிச் சொல்லும்போது அதே சொல் முழு நித்தியத்தையும் தாங்கும். எதைப் பற்றிச் சொல்கிறது என்பதுதான் நீளத்தை முடிவுசெய்கிறது. ஆதியாகமம் 8:22-இல் விதைப்பும் அறுப்பும் ஒழியாது என்ற வாக்குகூட "பூமியுள்ள நாளளவும்" என்றுதான் ஆரம்பிக்கிறது.

படி 7: மீதி நிற்பதை மறைக்காதீர்கள்

இவ்வளவு செய்தபிறகும் சில வசனங்கள் வலது பக்கத்தில் பிடிவாதமாக நிற்கும். சங்கீதம் 102:26 வானத்தையும் பூமியையும் பற்றி, "அவைகள் அழிந்துபோம், நீரோ நிலைத்திருப்பீர்" என்கிறது; பழைய வஸ்திரம்போல மாற்றப்படும் என்கிறது. இது 104-க்கு ஒரே ஒரு சங்கீதம் தள்ளி இருக்கிறது, தொகுத்தவர்களுக்கு உறுத்தவில்லை. இங்கே ஒப்பீடு தலைகீழ்: மனிதனுக்குப் பக்கத்தில் வைத்தால் பூமி நிலையானது, தேவனுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவும் ஒரு சால்வை.

அப்புறம் 2 பேதுரு 3:10: "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்." இங்கே கையெழுத்துப் பிரதிகளே ஒத்துப்போவதில்லை. 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் பிரதிகளில் அந்த இடத்தில் இருப்பது "கண்டுபிடிக்கப்படும்" என்ற பொருள் தரும் சொல். "எரிந்துபோம்" என்பது அலெக்சாந்திரியப் பிரதி முதலியவற்றில் வருவது; நம் பழைய மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றுகிறது. அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் பதிப்பின் 28-ஆம் பதிப்பிலோ "கண்டுபிடிக்கப்படாது" என்று வைத்திருக்கிறார்கள். மூன்றும் மூன்று திசை. இந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்து பூமியின் கடைசி நிலையை அடித்துச் சொல்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

என்னைக் கவர்ந்தது நான்கு வசனம் முந்தியது. 3:6-இல் அப்பொழுது இருந்த உலகம் ஜலப்பிரளயத்தினாலே "அழிந்தது" என்கிறார் பேதுரு. அழிந்த பிறகு நோவா பேழையிலிருந்து இறங்கிக் கால் வைத்தது அதே தரையில்தான். பேதுருவின் அகராதியில் அழிவு என்றால் என்ன என்பதற்கு அவரே கொடுத்த உதாரணம் இது.

சபைகள் இதில் ஒன்றாக நிற்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு லுத்தரன் இறையியலில் பூமி முற்றாக இல்லாமல் போகும் என்ற கருத்து பலமாக இருந்தது. கால்வின் வழிவந்தவர்கள் புதுப்பிக்கப்படும் என்றார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரசங்கி 1:4-ஐ அப்படியே எடுத்து, பேதுருவின் நெருப்பை அடையாளமாகக் கொள்கிறார்கள். எனக்கு ரோமர் 8:21 காரணமாகப் புதுப்பித்தல் பக்கம் சாய்வு. சிருஷ்டி விடுதலையாகும் என்று எழுதிவிட்டு அதை இல்லாமல் ஆக்குவது பொருந்தவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது "இது என் சாய்வு" என்று சொல்லித்தான் சொல்கிறேன்.

படி 8: நீங்களே செய்துபாருங்கள்

தம்பிக்கு இதே பயிற்சியைக் கொடுத்து அனுப்பினேன். முதலில் சங்கீதம் 46. "மோட்" என்ற வினை இங்கே மூன்று முறை வருகிறது: கடலில் சாய்கிற மலைகளுக்கு, "அது அசையாது" என்று சொல்லப்படும் நகரத்துக்கு, தத்தளிக்கிற ராஜ்யங்களுக்கு. மூன்றையும் அடிக்கோடிட்டு, இடையில் 4-ஆம் வசனத்தில் சத்தமில்லாமல் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

அடுத்தது கொஞ்சம் கடினம். எரேமியா 4:23-27. பூமி "ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்" இருக்கிறது என்று ஆதியாகமம் 1:2-இன் வார்த்தைகளாலேயே சிருஷ்டிப்பைப் பின்னோக்கி ஓட்டுகிறார். ஒளி போகிறது, மலைகள் அதிர்கின்றன, மனுஷன் இல்லை, பறவை இல்லை. பிறகு 27: "தேசமெல்லாம் பாழாய்ப்போம், ஆகிலும் சர்வசங்காரஞ்செய்யேன்." 23-இல் பூமி, 27-இல் தேசம், இரண்டும் எபிரெயுவில் ஒரே எரெட்ஸ். அந்த "ஆகிலும்" எதைத் தடுத்து நிறுத்துகிறது என்று நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். தம்பி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். அதில் பாதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் பேச வேண்டும்.